மூன்றாம் நாள் கேள்வி

ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு அம்மாவை அவசரப் பிரிவுக்குக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு நாளாக நீர்க்கடுப்பு, அன்று சாயங்காலத்திலிருந்து தூக்கித் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல். ரத்த அழுத்தம் 90/60-க்கு இறங்கியிருக்கிறது. "ரெண்டு நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டாங்க டாக்டர்" என்று மகள் அழுகிறாள். ட்யூட்டி டாக்டருக்குப் பார்த்ததுமே புரிந்துவிடுகிறது. சிறுநீரகத்தில் கிருமித் தொற்று, ரத்தத்திலும் கலந்திருக்கலாம். பல வகைக் கிருமிகளை அடிக்கும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கை உடனே நரம்பு வழியாகப் போடச் சொல்கிறார்.

அவர் செய்தது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆன்டிபயாடிக்கைப் பொறுப்பாகப் பயன்படுத்துங்கள்" என்றாலே "கொடுக்காதீர்கள்" என்று சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள், மருத்துவர்களில் சிலரும்தான். ரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அங்கே தயங்குவதுதான் பொறுப்பில்லாத காரியம்.

நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன அம்மா தனி ஒருவர் அல்ல. வார்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். அவரோடு ஏழு நாள் கூடவே போனால் இந்த விஷயத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அதற்கு முன் ஓர் அடிப்படை. "எனக்கு அந்த மாத்திரை கேக்கிறதே இல்ல, உடம்பு அதுக்குப் பழகிப்போச்சு" என்று அடிக்கடி காதில் விழும். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு உதவி செய்பவை. ஒரு ஆன்டிபயாடிக் உள்ளே போனால், நோய் தந்த கிருமி எது, நம் வீட்டுக் கிருமி எது என்று அதற்குத் தெரியாது. தாக்குப்பிடிக்க முடியாதவை சாகும். ஏதோ ஒரு மரபணு மாற்றத்தால் தாக்குப்பிடிப்பவை மிஞ்சும். காலியான இடம் முழுவதும் அவற்றுக்குத்தான். நாள் கூடக்கூட அவற்றின் வம்சம் பெருகிக்கொண்டே போகும். காய்ச்சல் போன பிறகும் அவை குடலிலேயே மாதக்கணக்கில் இருக்கலாம். அடுத்த முறை அதே ஆளுக்குத் தொற்று வந்தால், அது அந்த மிஞ்சிய கூட்டத்திலிருந்து வரும். மருந்து கேட்காது.

இன்னும் மோசமான சேதி, பாக்டீரியாக்கள் இந்தத் தடுப்புத் திறனைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் இப்படியொரு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ் என்பதன் சுருக்கம்) என்று பெயர் வைத்தார்கள். மெரோபெனம் சார்ந்திருக்கும் கார்பபெனம் குடும்பத்தையே உடைத்துப் போடும் நொதியை அது தயாரிக்கிறது. 2010-இல் வெளியான பெரிய ஆய்வில் சென்னை, ஹரியானா, பிரிட்டன், பாகிஸ்தான் என்று பல இடங்களில் அது பரவியிருந்தது தெரியவந்தது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பெயரில் "டெல்லி" இருப்பதைப் பற்றி அப்போது பெரிய சர்ச்சை நடந்தது. கிருமி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

அந்த மரபணு இருக்கும் கிருமிகள் பலவற்றுக்கு அன்றைக்கு மிஞ்சியிருந்த மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்காக 1970-களிலிருந்து உலகம் ஓரங்கட்டி வைத்த மருந்து. அதைத் தூசி தட்டி எடுக்கும் நிலைக்கு வந்தோம். 2019-இல் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாக்களால் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-இல் வெளியான உலகளாவிய கணக்கு சொல்கிறது.

சரி, அந்த அம்மாவிடம் வருவோம்.

முதல் மணி நேரம்

மெரோபெனம் ஏறுவதற்கு முன்னால் சிஸ்டர் ஒரு காரியம் செய்தாரா என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. கையில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய விட்டு, ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ஒரு ஜோடி கல்ச்சர் பாட்டில்களில் விட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி. பிறகு இன்னொரு கையில் குத்தி இன்னொரு ஜோடி. சிறுநீரும் தனியாக. இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். மருந்தைத் தாமதப்படுத்தாத பத்து நிமிடம்.

நடைமுறையில் என்ன ஆகிறது? பாட்டிலில் 2 மில்லிதான் வருகிறது. பெரியவர்களின் ரத்தத்தில் பல சமயம் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இருக்காது. 2 மில்லி எடுத்தால் அது சிக்காமலே போகலாம். ஒரு ஜோடி மட்டும் எடுத்தால் வேறொரு தலைவலி. தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி ஊசியோடு உள்ளே போய் வளர்ந்துவிட்டால், அது நோயா, தோல் அழுக்கா என்று சொல்ல முடியாது. இரண்டு கையிலும் எடுத்து, ஒன்றில் மட்டும் அது வளர்ந்தால் பெரும்பாலும் அழுக்கு என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தத் தைரியம் இல்லாததால், அந்தக் கிருமிக்கான வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பத்து நாள் ஓடிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் டோஸ் போட்ட பிறகு எடுத்தால்? வளர வேண்டிய கிருமி வளராமல் போகும் வாய்ப்பு அதிகம். "நோ குரோத்" என்று ரிப்போர்ட் வரும். அதைப் பார்த்துக் கிருமியே இல்லை என்று நினைக்கவும் முடியாது, மருந்தை மாற்றவும் வழியிருக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரிதான் மிச்ச நாட்கள்.

அப்புறம், எந்த மருந்தில் தொடங்குவது? பாடப்புத்தகத்தைப் பார்த்து அல்ல, அந்த மருத்துவமனையின் சொந்தக் கணக்கைப் பார்த்து. வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஆய்வகத்தில் ஓர் அட்டவணை போடுகிறோம். இந்த வருடம் சிறுநீரில் வளர்ந்த ஈ கோலை என்ற குடல் கிருமி இத்தனை, அதில் செஃப்ட்ரையாக்ஸோன் கேட்டது இத்தனை சதவீதம், அமிகாசின் கேட்டது இத்தனை சதவீதம் என்று. இதற்கு ஆன்டிபயோகிராம் என்று பெயர். நம் ஊர் வீட்டில் கிணறு தோண்டும் முன் பக்கத்து வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்போமே, அது மாதிரி. டெல்லிக் கணக்கு மதுரைக்கு உதவாது. ஐசியூ கணக்கு வெளிநோயாளிப் பிரிவுக்கு உதவாது.

மூன்றாம் நாள்

அனுமதித்த மறுநாள் மத்தியானமே ரத்தக் கல்ச்சர் இயந்திரம் கத்தும். பாட்டிலில் கிருமி மூச்சுவிடுவதை அது கண்டுபிடித்துவிடும். ஒரு துளி எடுத்துச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பு நிறத்தில் குட்டிக் குச்சிகள். கிராம் நெகட்டிவ் என்ற வகை. உடனே வார்டுக்குப் போன். அதைத் தட்டில் பரப்பி வைத்தால் மறுநாள் காலையில் மேக்கான்கி என்ற கிருமி வளர்க்கும் தட்டில் ரோஸ் நிறப் புள்ளிகளாக முளைத்திருக்கும். ஈ கோலை.

எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் பழைய முறையை ஒருதரம் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்று பல ஆய்வகங்களில் இயந்திரம் வந்துவிட்டாலும் தட்டு முறை இன்னும் இருக்கிறது. வெளிர் மஞ்சள் நிறத்தில், கெட்டியான ஜெல்லி நிரப்பிய வட்டத் தட்டு. அதன் மேல் கிருமியைப் பஞ்சால் முழுக்கத் தடவுவோம். 6 மில்லிமீட்டர் அகலக் காகிதப் பொட்டுகளை, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியது, இடைவெளி விட்டு வைப்போம். ராத்திரி முழுக்க 35 டிகிரி சூட்டில் இருக்கும். காலையில் எடுத்தால் தட்டு முழுவதும் பாசி படர்ந்தது போல் கிருமி வளர்ந்திருக்கும், மருந்து கேட்கும் பொட்டுகளைச் சுற்றி மட்டும் துல்லியமான வட்டமாக வெற்றிடம். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவோம். மருந்து கேட்காத பொட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி ஏறி வந்திருக்கும். ஒரு வட்டம்கூட இல்லாத தட்டுகளும் வருகின்றன. அப்படி ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போன் போடும்போது எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும்.

இந்த அம்மாவின் தட்டில் அப்படி இல்லை. செஃப்ட்ரையாக்ஸோன் கேட்கவில்லை, சிப்ரோஃப்ளாக்சசின் கேட்கவில்லை. மெரோபெனம் கேட்கிறது, அமிகாசின் கேட்கிறது, நைட்ரோஃபுரான்டோயின் கேட்கிறது, கோட்ரைமாக்ஸசோல் கேட்கிறது. மூன்றாம் நாள் காலையில் போன் போட்டேன் என்று வையுங்கள்.

"மேடம், ஆறாம் பெட் அம்மாவுக்குக் கல்ச்சர் வந்துருச்சு. இப்ப எப்படி இருக்காங்க?"

"காய்ச்சல் நேத்து ராத்திரியே விட்டுருச்சு சார். பிரஷர் நார்மல். காலையில இட்லி சாப்பிட்டாங்க."

"அப்ப மெரோவை நிறுத்திட்டு மாத்திரைக்கு மாத்தலாமே. கோட்ரைமாக்ஸசோல் கேக்குது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நல்லா வேலை செய்யுற மருந்தை எதுக்கு சார் மாத்தணும்?"

மருத்துவமனை ஆன்டிபயாடிக் பொறுப்பு என்பதை ஒரே இடத்தில் சுருக்கிப் பார்க்க வேண்டுமென்றால் அது இந்த இடம். தொடங்குவது ஒரு முடிவு. 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்து, "இது இன்னும் வேண்டுமா? இதைவிடக் குறைந்த வகைக் கிருமிகளை மட்டும் அடிக்கும் மருந்து போதுமா? ஊசியிலிருந்து மாத்திரைக்குப் போகலாமா? எத்தனை நாளில் நிறுத்துவது?" என்று கேட்பது இரண்டாவது முடிவு. முதல் முடிவை எடுக்க எல்லா மருத்துவமனையிலும் ஆள் உண்டு. இரண்டாவது முடிவுக்கு ஆள் இருக்காது. கேஸ் ஷீட்டில் நேற்றைய மருந்தை இன்றைக்கும் அப்படியே எழுதிப் போவது ஒரு கை பழக்கம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நாற்பது நோயாளிகளை இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டிய ரவுண்ட்ஸில் அது தானாக நடந்துவிடுகிறது.

மெரோபெனம் அந்த அம்மாவின் ஈ கோலையை மட்டுமல்ல, குடலில் இருக்கும் இன்னும் நூறு வகைக் கிருமிகளையும் அடிக்கிறது. ஓடும் ஒவ்வொரு நாளும் அந்தக் குடலில் மெரோபெனத்துக்கு மசியாத கிருமி தலைதூக்க வாய்ப்பு கூடுகிறது. கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய், இருக்கும் வரை அந்த வழியாகப் புதுத் தொற்று வரலாம். ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊசிக்கு ஆகும் செலவும் ஒரு பக்கம். அந்த மருந்து இன்னொருவருக்கு, வேறு எதுவுமே கேட்காத ஒருவருக்கு, நாளைக்கு வேண்டும்.

தட்டில் நைட்ரோஃபுரான்டோயினும் கேட்டதே, அதைக் கொடுக்கலாமே என்றால் கூடாது. அது சிறுநீர்ப்பையில் நன்றாகச் சேரும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதுமான அளவு சேராது. வெறும் நீர்க்கடுப்புக்கு அது அருமையான மருந்து, இந்த அம்மாவுக்கு ஆகாது. ரிப்போர்ட்டில் "கேட்கும்" என்று இருப்பதெல்லாம் நோயாளிக்குக் கேட்கும் என்று அர்த்தமில்லை. கோட்ரைமாக்ஸசோல் கொடுக்கும் முன்னாலும், அதில் சல்ஃபா மருந்து இருப்பதால், சல்ஃபா அலர்ஜி உண்டா, பொட்டாசியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி என்று பார்த்தாக வேண்டும். இதனால்தான் ஆய்வகமும் வார்டும் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காகிதம் மட்டும் போனால் போதாது.

யார் கேட்பது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும் என்று மருத்துவமனை ஏற்பாடு செய்து வைப்பதற்குத்தான் ஆங்கிலப் பெயரில் ஸ்டூவர்ட்ஷிப் என்கிறார்கள். தமிழில் எனக்குப் பிடித்த ஒப்புமை தர்மகர்த்தா. கோயில் நகை அவருடையது இல்லை. சாமிக்குச் சாத்த வேண்டிய நாளில் சாத்தாமல் பூட்டியே வைக்கவும் கூடாது, தினமும் எடுத்துப் புழங்கித் தேய்க்கவும் கூடாது, அடுத்த தலைமுறைக்கு எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கும் அந்த மாதிரிச் சொத்து. மற்ற மருந்துகளை ஒருவர் அதிகம் சாப்பிட்டால் அவருக்கு மட்டும்தான் கெடுதல். இதில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மருந்தும் சேர்ந்து கெடுகிறது.

இதற்கென்று அமைக்கும் குழுவில் தொற்றுநோய் மருத்துவர் ஒருவர், நுண்ணுயிரியல் மருத்துவர், மருந்தாளுநர், தொற்றுத் தடுப்புச் செவிலியர் இருப்பார்கள். தொற்றுநோய் மருத்துவர் கிடைக்காத ஊர்களில் ஆர்வமுள்ள ஒரு பொது மருத்துவர் அந்த இடத்தில் இருந்தாலே போதும். வேலை இரண்டு விதத்தில் நடக்கும். கொலிஸ்டின் போன்ற மருந்துகளை எடுக்க முன்கூட்டியே காரணம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று வைப்பது ஒன்று. மருந்தை யார் வேண்டுமானாலும் தொடங்கட்டும், மூன்றாம் நாள் குழு வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்து யோசனை சொல்லும் என்று வைப்பது இன்னொன்று. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் நிலைத்து நிற்கிறது. ஒப்புதல் படிவம் மட்டும் இருந்தால், சீக்கிரமே எல்லாப் படிவத்திலும் ஒரே வரி வர ஆரம்பிக்கும்: "கடுமையான தொற்று". நேரில் போய், நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பேசினால் அப்படி ஆவதில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நம் மருத்துவமனைகளில் சீனியர் எழுதியதை ஜூனியர் கேள்வி கேட்பது லேசான விஷயமில்லை. "பெரிய டாக்டர் எழுதினது, நான் எப்படி நிறுத்துறது?" என்பார் ட்யூட்டி டாக்டர். மருத்துவமனைத் தலைமை எழுத்தில் ஆதரவு கொடுத்து, சீனியர்களும் சேர்ந்து உட்கார்ந்து சொந்த ஊர்க் கணக்கை வைத்துச் சிகிச்சை வழிகாட்டியை எழுதினால்தான் அந்தப் பயம் போகும். மருந்தாளுநர் சொன்னதைக் கேட்டுப் பெரிய டாக்டர் மருந்தை மாற்றினார் என்பதை ஒரு வார்டு ஒருதடவை பார்த்துவிட்டால், அதற்கப்புறம் அங்கே எல்லாமே எளிதாகிவிடுகிறது.

குழு சுற்றி வரும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சிலவற்றைச் சொல்கிறேன். மெரோபெனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடவே மெட்ரோனிடசோலும் ஓடும். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கென்று சேர்ப்பார்கள். மெரோபெனமே அவற்றை அடிக்கும், பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற மருந்தும் அடிக்கும். ஒரு வேலைக்கு இரண்டு ஆள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர. அடுத்தது, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும் தாத்தாவின் சிறுநீரில் கிருமி வளர்ந்தது என்பதற்காக மட்டும் மருந்து. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குழாய் சில வாரம் இருந்தால் அதில் கிருமி குடியேறத்தான் செய்யும். அங்கே மருந்தைவிடக் குழாயை எடுப்பதுதான் சிகிச்சை. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் மட்டும் இந்தக் கணக்கு வேறு.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் கிடைக்கும் இடம் ஆபரேஷன் தியேட்டர். அறுவையின்போது தோல் கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடிக்காமல் இருக்க முன்கூட்டியே ஒரு ஆன்டிபயாடிக் போடுவது நல்ல வழக்கம். கத்தி வைக்கும் நேரத்தில் அந்த மருந்து ரத்தத்திலும் திசுவிலும் நிறைந்திருக்க வேண்டும். அதனால் வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். பெரும்பாலான அறுவைகளுக்குச் செஃபசோலின் என்ற பழைய, விலை குறைந்த மருந்தே போதும். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். தையல் போட்டு முடித்த பிறகு இதைத் தொடரத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் நம் ஊரில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாள் ஊசி, வீட்டுக்குப் போகும்போது இன்னொரு ஐந்து நாள் மாத்திரை என்பது சர்வ சாதாரணம். மூடிய காயத்துக்குள் அது எதையும் கூடுதலாகக் காப்பாற்றுவதில்லை. வயிற்றுப்போக்கும் குடலில் தேறிய கிருமியும்தான் மிச்சம். அறுவை மருத்துவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு காயம் சீழ் பிடித்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது அவர்தான். அந்தப் பயத்துக்கு நல்ல மருந்து, அவருடைய தியேட்டரின் சீழ் பிடித்த கணக்கை மாதாமாதம் எடுத்து அவரிடமே காட்டுவது. டோஸ் குறைத்த பிறகும் கணக்கு ஏறவில்லை என்று தன் கண்ணால் பார்த்தவர்கள் பழையபடி திரும்புவதில்லை.

எத்தனை நாள்?

"ஆரம்பிச்சா கோர்ஸை முடிக்கணும்" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1945-இல் நோபல் உரையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, அளவு குறைவாகக் கொடுத்தால் கிருமி தடுப்புத் திறன் பெற்றுவிடும் என்று எச்சரித்தார். டாக்டர் சொன்ன நாளுக்கு முன் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்பது இன்றைக்கும் சரி. ஆனால் அந்த "கோர்ஸ்" எத்தனை நாள் என்பது மாறிவிட்டது. ஏழு, பத்து, பதினான்கு என்ற எண்களில் பலவும் பழக்கத்தால் வந்தவை. 2024 நவம்பரில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. ஏழு நாடுகள், 74 மருத்துவமனைகள், ரத்தத்தில் கிருமி கலந்த 3,608 நோயாளிகள். பாதிப் பேருக்கு 7 நாள் மருந்து, பாதிப் பேருக்கு 14 நாள். 90 நாளில் இறந்தவர்கள் 7 நாள் குழுவில் 14.5 சதவீதம், 14 நாள் குழுவில் 16.1 சதவீதம். ஏழு நாள் எந்த விதத்திலும் குறைந்து போகவில்லை. இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத்தில் கலந்தது போன்றவற்றுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு வாரக்கணக்கில் வேண்டும். காசநோய்க்கும் அறவே பொருந்தாது. நம் அம்மாவுக்கு? மொத்தம் ஏழு நாள். முதல் மெரோபெனம் போட்ட இரவிலிருந்தே கணக்கு.

மூன்று கூடைகள்

எந்த மருந்தைத் தாராளமாக எடுக்கலாம், எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஒரு பிரிப்பைக் கொண்டுவந்தது. எளிதில் கிடைக்க வேண்டியவை ஒரு கூடை: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், நைட்ரோஃபுரான்டோயின், கோட்ரைமாக்ஸசோல், செஃபசோலின், அமிகாசின் போன்றவை. கண்காணிப்போடு கொடுக்க வேண்டியவை அடுத்தது: செஃப்ட்ரையாக்ஸோன், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், மெரோபெனம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க வேண்டியவை மூன்றாவது: கொலிஸ்டின், லினசோலிட், டைஜிசைக்ளின், செஃப்டாசிடிம்-அவிபாக்டம். மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளில் உலக அளவில் குறைந்தது 70 சதவீதம் முதல் கூடையிலிருந்து இருக்க வேண்டும், 2030-க்குள் அதை எட்ட வேண்டும் என்று 2024-இல் ஐநா பொதுச் சபையில் நாடுகள் இலக்கு வைத்தன. அசித்ரோமைசினைச் சளி மாத்திரை மாதிரி கடையில் கேட்டு வாங்கும் நம் ஊரில் இந்தப் பட்டியலைப் பார்த்தால் பலர் திடுக்கிடுவார்கள். அது இரண்டாவது கூடை. டைஃபாய்டுக்குக் கைவசம் இருக்கும் மிகச் சில மாத்திரைகளில் ஒன்று.

இந்தியா ஒன்றும் செய்யாமல் இல்லை. 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் ஒன்றுகூடி ஒரு செயல்திட்டம் எழுதின. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்திய அந்தக் கூட்டத்தின் ஆவணம் 'சென்னைப் பிரகடனம்' என்று உலகம் முழுவதும் பேசப்பட்டது. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் குழுக்கள் வேண்டும் என்று அது கேட்டது. உடனே எல்லாவற்றையும் தடைசெய் என்று கேட்காமல், டாக்டர் எட்டாத கிராமங்களையும் நினைத்துப் படிப்படியாகப் போகலாம் என்று சொன்னது அதன் பலம் என்று நினைக்கிறேன். 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது; மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் (செஃப்ட்ரையாக்ஸோன் இந்த வகை), கார்பபெனம் போன்றவற்றை விற்கும் கடை, நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளா 2018-இல் மாநில அளவில் தனிச் செயல்திட்டமே போட்டது.

இவ்வளவு இருந்தும் குறை எங்கே என்றால், கல்ச்சர் வசதி இல்லாத சின்ன மருத்துவமனைகளில். அங்கே மூன்றாம் நாள் கேள்வி கேட்க ஆள் இருந்தாலும் பதில் சொல்லத் தட்டு இல்லை. வசதி இருக்கும் இடத்திலும் கல்ச்சருக்கு ஆகும் பணத்தைக் கேட்டால் குடும்பம் தயங்குகிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஊசியை வாங்கத் தயங்குவதில்லை. ஊசி சிகிச்சை, கல்ச்சர் வெறும் டெஸ்ட் என்று நினைப்பதால் வரும் வினை. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒழுங்கான நுண்ணுயிரியல் ஆய்வகம் இருப்பதைவிட இந்தப் பிரச்சினையில் அரசு செலவழிக்க நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நோயாளியோடு கூட இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "கல்ச்சர் ரிசல்ட் வந்துருச்சா டாக்டர்? இந்த ஊசி இன்னும் எத்தனை நாள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். "இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது போடுங்க" என்று கேட்காதீர்கள். ஸ்ட்ராங் என்று ஒன்று கிடையாது. அந்தக் கிருமிக்குப் பொருந்துவது, பொருந்தாதது என்றுதான் உண்டு. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள், டாக்டரும் சிஸ்டரும் கழுவுகிறார்களா என்று கவனிக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பரவாத கிருமிக்கு மருந்தே வேண்டாம். பெனிசிலின் அலர்ஜி என்று கேஸ் ஷீட்டில் இருந்தால், அது எப்போது, என்ன ஆனதால் எழுதப்பட்டது என்று சொல்லுங்கள். அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முறையாகச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜி இருப்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன் மாத்திரை சாப்பிட்டு வாந்தி எடுத்ததை அலர்ஜி என்று எழுதிவிட்டதால், முதல் கூடையின் பல மருந்துகள் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மூடிப்போகின்றன. ஆனால் வீட்டில் நீங்களாகச் சாப்பிட்டுச் சோதிக்க வேண்டாம், அது மருத்துவமனையில் செய்ய வேண்டியது.

ஆறாம் பெட் அம்மாவுக்கு அன்று மத்தியானம் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்தது, சரியாக இருந்தது. சல்ஃபா அலர்ஜி இல்லை. பெரிய டாக்டர் சாயங்கால ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைப் புரட்டி, மெரோபெனத்தின் மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதியையும் "கல்ச்சர் பார்த்து மாற்றப்பட்டது" என்பதையும் எழுதினார். நான்காம் நாள் காலையில் சிஸ்டர் வென்ஃப்ளானைக் கழற்றிப் பஞ்சு வைத்து அழுத்தினார். ஐந்தாம் நாள் மாத்திரையோடு வீட்டுக்கு. இன்னும் இரண்டு நாள் மாத்திரை பாக்கி என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி போட்டே எழுதியிருந்தது. "அதுக்கப்புறம் வேணாமா?" என்று மகள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார்.